500 அடி மேலே ஒரு 737: லாஸ் ஏஞ்சலஸ் வானத்துல சின்ன பிளேன் ஓட்டுறவங்களுக்கு

2025 ஜனவரி 29 ராத்திரி வாஷிங்டன்ல ரீகன் ஏர்போர்ட்ல இறங்க வந்த ஜெட்டும் ஒரு ஆர்மி ஹெலிகாப்டரும் பொடோமேக் ஆத்துக்கு மேல மோதி 67 பேர் இறந்தாங்க. அதுலேர்ந்து சொந்தக்காரங்க யாரு போன் பண்ணாலும் ஒரே கேள்விதான், "நீ ஓட்டுற குட்டி பிளேன் பெரிய பிளேன் வர்ற வழில போயிடாதா?" அம்மா கேட்டா "அதுக்கெல்லாம் தனி ரூட் இருக்கும்மா"ன்னு சொல்லி முடிச்சிடுவேன். ஆனா இங்க லைசென்ஸுக்குப் படிச்சுட்டு இருக்கிற நம்ம பசங்க அதே கேள்வியைக் கேட்டா அப்படி சொல்ல முடியறதில்ல, ஏன்னா பாதி இடத்துல தனி ரூட்லாம் கிடையாது, நீங்களும் 150 பேர் உக்காந்திருக்கிற ஒரு 737-ம் ஒரே ஊருக்கு மேல கிட்டத்தட்ட ஒரே உயரத்துல பறக்கலாம், சட்டம் அதை அனுமதிக்குது. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஓட்டாதவங்களும் படிக்கலாம், ஜன்னல் சீட்ல உக்காரும்போது கீழ என்ன நடக்குதுன்னு தெரியும்.

நான் பறக்கிறது தெற்கு கலிஃபோர்னியால. ஆரஞ்ச் கவுண்டில வீடு, ஃபுல்லர்டன் ஏர்போர்ட்ல வாடகைக்கு எடுக்கிற செஸ்னா 172. எல்ஏஎக்ஸ், ஜான் வெய்ன், லாங் பீச், ஆன்டாரியோ, பர்பேங்க்னு அஞ்சு ஏர்லைன் ஏர்போர்ட் இங்க ஒண்ணையொண்ணு இடிச்சுட்டு இருக்கு, நடுநடுவுல டோரன்ஸ், கொரோனா, சீனோ, எல் மான்டே, வேன் நைஸ்னு எங்கள மாதிரி ஆளுங்க பறக்கிற சின்ன ஏர்போர்ட்டுங்க. இது போதாதுன்னு டிஸ்னிலேண்ட சுத்தி 3 நாட்டிகல் மைலுக்கு 3,000 அடி வரைக்கும் பறக்கக் கூடாதுன்னு தனியா ஒரு தடை வேற, ஃபுல்லர்டன்ல ஏறினா அது பக்கத்துலயே நிக்கும்.

எல்ஏஎக்ஸ சுத்தி இருக்கிற கிளாஸ் பி வானம் (பெரிய ஏர்போர்ட்டைச் சுத்தின கட்டுப்பாட்டு வானம்) நம்ம ஊர் தெப்பக்குளம் மாதிரி, அடியில சின்னதா இருக்கும், மேல போகப் போக படி படியா அகலமாகிட்டே போகும். 10,000 அடி வரைக்கும் அப்படி. அதுக்குள்ள நுழையணும்னா கன்ட்ரோலர் வாயால "கிளியர்ட்"னு சொல்லணும். ஆனா ஒவ்வொரு படிக்கும் கீழ இருக்கிற காத்து பெரும்பாலும் ஃப்ரீ, அங்க நீங்க யார்கிட்டயும் பேசணும்னுகூட இல்ல (நடுவுல வர்ற சின்ன ஏர்போர்ட் டவர் ஏரியாக்களை மட்டும் விட்டுட்டு). அதனால எல்லாரும் என்ன பண்ணுவாங்க, படியோட அடியை ஒட்டி, 100 அடி 200 அடி கீழ பறப்பாங்க. உயரமா இருந்தா நல்லதுன்னு சொல்லித்தானே வளர்த்திருக்காங்க. அந்தப் பக்கம் ஏர்லைனர்களும் அதே படியோட அடி வரைக்கும் இறங்கி வரும். கோட்டை சரியாத்தான் போட்டிருக்காங்க, ரெண்டு பக்கத்துக் கூட்டமும் வந்து கோட்டு மேல உரசிட்டு நிக்குது, அங்கதான் பிரச்சனையே.

இன்னொண்ணு, படிக்கிறப்ப எல்லாரும் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்துடுற விஷயம். கிளாஸ் பி உள்ள நீங்க விஎஃப்ஆர்ல (கண்ணால வெளில பார்த்து ஓட்டுறது) இருந்தாலும் கன்ட்ரோலர் உங்களையும் ஜெட்டையும் பிரிச்சு வைக்கக் கடமைப்பட்டவர், ஒண்ணரை மைல் தள்ளி இல்லைன்னா 500 அடி மேல கீழ, அதுவும் இல்லைன்னா ஒருத்தர் இன்னொருத்தரைக் கண்ணால பார்த்துட்டு விலகிப் போறது. அந்தப் படிகளுக்கு வெளில இருக்கிற கிளாஸ் ஈ வானத்துக்கு வந்துட்டீங்கன்னா விஎஃப்ஆர் பிளேனுக்கு அந்தப் பிரிப்பு எதுவுமே கிடையாது. நேரம் இருந்தா "அங்க ஒரு டிராஃபிக் இருக்கு பாருங்க"ன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான். ஃப்ளைட் ஃபாலோயிங் (கன்ட்ரோலர் நம்மளை ரேடார்ல பார்த்து டிராஃபிக் சொல்ற சேவை) வாங்கிட்டா ரேடார் நம்மளப் பிடிச்சு வச்சிருக்குன்னு நிம்மதியா உக்காந்திருக்கிறவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன். அது ஒரு உதவி, பாதுகாப்பு வளையம் இல்ல.

சரி, நடந்ததுக்கு வரேன்.

ஃபிரெஞ்ச் வேலில சாப்பிட்டுட்டு ஃபுல்லர்டனுக்குத் திரும்பிட்டு இருந்தோம், பக்கத்து சீட்ல ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன், அவனுக்கு சின்ன பிளேன் அதுதான் முதல் தடவை. மேற்கே போறதால ரெட்டைப்படை ஆயிரம் கூட 500, அதாவது 4,500 அடி. அப்ரோச்கிட்ட (அந்த ஏரியாவை ரேடார்ல பார்க்கிற கன்ட்ரோல்) ஃப்ளைட் ஃபாலோயிங் வாங்கியாச்சு, அவங்க குடுத்த கோடு டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்குப் பதில் அனுப்புற பெட்டி) இருக்கு, லைட் எல்லாம் ஆன். லேக் மேத்யூஸ் தாண்டி கொரோனா பக்கம் வரும்போது கன்ட்ரோலர் கூப்பிட்டாங்க: ரெண்டு மணி திசையில (முன்னாடி வலது பக்கம்) டிராஃபிக், நாலு மைல், தென்மேற்கே போகுது, போயிங் 737, 5,000 அடிக்கு இறங்கிட்டு இருக்கு. ஜான் வெய்னுக்குப் போற விமானம். நான் பார்த்தேன், ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொன்னேன்.

ஏன் தெரியலன்னா செஸ்னாவோட ரெக்கை தலைக்கு மேல இருக்கு. வலது பக்கம் மேலேர்ந்து இறங்கி வர்றது எதுவா இருந்தாலும் அந்த ரெக்கைக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருக்கும். இடது பக்கமா லேசா சாய்ச்சேன், வலது ரெக்கை மேல தூக்குச்சு, தூக்கின உடனே தம்பி, "அண்ணா, அதோ! லைட்டு!"ன்னான். ரெண்டு லேண்டிங் லைட், அதுக்குப் பின்னாடி மங்கலா ஒரு உடம்பு. "அது நகரவே இல்லியேண்ணா, நிக்குதா?" அவன் சாதாரணமாத்தான் கேட்டான், எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. கண்ணாடில ஒரே இடத்துல நின்னு பெருசாகிட்டே வர்ற பிளேன் தான் மோதப் போற பிளேன். நகர்ந்து போறது போயிடும்.

பார்த்துட்டேன்னு ரேடியோல சொன்னேன், சாய்ச்ச இடது திருப்பத்தை அப்படியே இன்னும் கொஞ்சம் இழுத்தேன், இடது பக்கம் போறேன்னும் சொன்னேன். அது 5,000ல நிக்கணும், நான் 4,500ல இருக்கேன், யாரும் எதையும் மீறல. ஆனா அடுத்த சில நொடில அந்த 737 மூக்கைத் தூக்குச்சு, கண்ணு முன்னாடியே இறங்கறது நின்னு ஏற ஆரம்பிச்சது, அதே சமயம் அந்த பைலட் குரல் ரேடியோல, ஆர்ஏன்னு (மோதலைத் தவிர்க்க பிளேன்ல இருக்கிற பெட்டி போடுற உத்தரவு). பதட்டமே இல்லாத குரல். கன்ட்ரோலர் சரின்னு மட்டும் சொல்லிட்டு அமைதியாயிட்டாங்க, ஆர்ஏன்னு பைலட் சொல்லிட்டா அதுக்கு எதிரா எந்த உத்தரவும் குடுக்கக் கூடாதுங்கிறது விதி. வயிறு, இன்ஜின் ரெண்டு, வால், எல்லாம் தெளிவா தெரியுற மாதிரி எங்களுக்கு வலது பக்கம் மேல ஏறி அந்தப் பக்கம் போயிடுச்சு.

அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு பிளேனோட டிராக்கையும் எடுத்து வச்சுப் பார்த்தேன். உயரத்துல 600 அடிக்கு மேல இடைவெளி, பக்கவாட்டுல ஒரு மைலுக்குக் கொஞ்சம் கம்மி. அமெரிக்கால நியர் மிஸ்னு கணக்கு வைக்கணும்னா 500 அடிக்குள்ள வந்திருக்கணும், இல்லைன்னா மோதுற ஆபத்து இருந்துச்சுன்னு பைலட்டோ க்ரூவோ சொல்லணும். தூரக் கணக்குப்படி இது நியர் மிஸ்ஸே இல்ல. அங்க உக்காந்திருந்தவனுக்கு அப்படி இல்ல.

அப்ப ஏன் டிகாஸ், அதாவது ஏர்லைனர்ல இருக்கிற அந்த மோதல் தடுப்புப் பெட்டி, கத்துச்சு? இதைப் புரிஞ்சுக்கிட்டதுதான் எனக்கு அந்த நாளோட லாபம். டிகாஸ் எவ்வளவு தூரம்னு மட்டும் பார்க்கிறதில்ல, இதே வேகத்துல போனா இன்னும் எத்தனை நொடில பக்கத்துல வருவோம்னு பார்க்குது. 5,000 அடிக்கும் 10,000 அடிக்கும் நடுவுல இருந்தா சுமார் 40 நொடி முன்னாடி "டிராஃபிக்"னு எச்சரிக்கும், சுமார் 25 நொடி முன்னாடி "ஏறு" இல்ல "இறங்கு"ன்னு உத்தரவு போடும், அந்த உத்தரவுதான் ஆர்ஏ. நிமிஷத்துக்கு 2,000 அடி இறங்கிட்டு இருக்கிற ஒரு ஜெட் 25 நொடில 830 அடிக்கு மேல இறங்கிடும். அது 5,000ல நிக்கப் போகுதுன்னு பைலட்டுக்குத் தெரியும், கன்ட்ரோலருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், டிகாஸ் பெட்டிக்குத் தெரியாது! கன்ட்ரோலர் குடுத்த கிளியரன்ஸ் அதுக்குள்ள போறதில்ல. அதைப் பொறுத்த வரைக்கும் ஒரு பிளேன் நேரா இன்னொண்ணு மேல விழுந்துட்டு இருக்கு. அதனாலதான் கடைசி 1,000 அடில இறங்குற வேகத்தை நிமிஷத்துக்கு 1,500 அடிக்குக் கீழ கொண்டு வாங்கன்னு ஏர்லைன் பைலட்டுங்களுக்குச் சொல்றாங்க.

நமக்கு இதுல என்னன்னா, நீங்க ஒழுங்கா 500 அடி கீழ இருந்தாலே போதும், ஒரு ஏர்லைனரை திடீர்னு ஏற வைக்க முடியும். உள்ள காபி குடிச்சுட்டு இருக்கிறவங்க, பெல்ட் போடாம நடந்துட்டு இருக்கிற கேபின் க்ரூ, எல்லாருக்கும் அது அடி. 2025 ஜூலைல பர்பேங்க்லேர்ந்து கிளம்பின சவுத்வெஸ்ட் விமானம் ஒண்ணு ஒரு பழைய ஹாக்கர் ஹன்டர் ஜெட்டுக்காக ஆர்ஏ வந்து படக்குனு இறங்கினதுல ரெண்டு கேபின் க்ரூவுக்குக் காயம். மோதல் நடக்காமலேயே ஆள் அடிபடலாம்.

இப்ப அந்த கொரோனா ஏரியால நான் 4,500ல வர்றதில்ல, 3,500. தரையிலேர்ந்து 3,000 அடிக்குள்ள இருக்கிறதால ரெட்டைப்படை ஒத்தைப்படை கணக்கு அங்க பொருந்தாது. ஜெட்டுக்கும் எனக்கும் 1,500 அடி கிடைக்குது. இதுக்கு விலை இருக்கு, இன்ஜின் நின்னா இடம் தேட நேரம் குறையும், கீழ மலைச்சரிவு வேற. 91 ஃப்ரீவே பக்கத்துலயே ஒட்டி வரேன். எல்லா இடத்துலயும் கீழ போங்கன்னு சொல்லல, ஏர்லைனர் இறங்குற பாதையைக் கடக்கிற அந்த சில மைலுக்கு மட்டும் யோசிங்கன்னு சொல்றேன்.

அந்தப் பாதை எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? லாஸ் ஏஞ்சலஸ் டெர்மினல் ஏரியா சார்ட்டைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் ஃப்ளைவே பிளானிங் சார்ட்னு ஒண்ணு அச்சடிச்சிருக்கும், ஜெட்டுங்க எந்த வழில வருது எந்த வழில போகுதுன்னு அம்புக்குறி போட்டு, உயரத்தோட, அதுக்கு நடுவுல சின்ன பிளேன் போக ஏத்த வழியும் காட்டி. ஐபேட்லயே எல்லாரும் பறக்கிறதால அந்தப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தவங்க ரொம்பக் கம்மி, ஃபோர்ஃப்ளைட் ஆப்ல கூட தனியா தேடி எடுக்கணும். அதோட நீங்க ஐஎஃப்ஆர் ரேட்டிங் (கருவியை மட்டும் பார்த்து ஓட்டுற தகுதி) இல்லாதவங்களா இருந்தாலும் அப்ரோச் பிளேட்டுங்க (இறங்குற வழியோட வரைபடம்) எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) சைட்ல இலவசம், பக்கத்து பெரிய ஏர்போர்ட்டோட ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டி இறங்குற முறை) பிளேட்டைத் திறந்து எந்த இடத்துல எத்தனை அடில வருவாங்கன்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க.

வேக் டர்புலன்ஸ் பத்தி. அன்னைக்கு ஜெட் போனதும் தம்பி மூச்சு விட்டான், நான் விடல. பெரிய பிளேனோட ரெக்கை நுனிலேர்ந்து சுழல்ற காத்து அது போன பாதையிலேர்ந்து நிமிஷத்துக்கு சில நூறு அடி இறங்கும், 500லேர்ந்து 900 அடி கீழ வந்து தங்கும். யோசிச்சுப் பாருங்க, சட்டம் குடுக்கிற அந்த 500 அடி இடைவெளி கரெக்டா அந்த சுழல் வந்து உக்கார்ற இடம். ஒரு செஸ்னாவை அது அப்படியே புரட்டிப் போடும். அதனால அது போன பாதையைக் கடக்காம, கன்ட்ரோலர்கிட்ட சொல்லிட்டு அதுக்கு இணையா ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டிட்டு அப்புறம்தான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"பார்த்துட்டேன்"னு ரேடியோல சொல்றது ரொம்ப கனமான சொல். சான் டியாகோல 1978 செப்டம்பர் 25 காலைல பிஎஸ்ஏ 182ங்கிற போயிங் 727 இறங்க வந்துட்டு இருந்துச்சு, வெயில் நல்லா அடிச்சிட்டு இருந்த நாள். ஒரு செஸ்னா 172 அதுக்கு முன்னாடி கீழ இருக்குன்னு கன்ட்ரோலர் சொன்னாங்க, க்ரூ பார்த்துட்டோம்னாங்க, அப்ப கண்ணால பார்த்து விலகிக்கோங்கன்னு பொறுப்பு அவங்க கைக்கு மாறிடுச்சு. அப்புறம் அது கண்ணுல மறைஞ்சுடுச்சு, பின்னாடி போயிருக்கும்னு நினைச்சாங்க. காக்பிட்ல அவங்களுக்குள்ளயே எங்க போச்சுன்னு பேசிக்கிட்டதெல்லாம் டேப்ல இருக்கு, ஆனா தொலைச்சுட்டோம்னு தெளிவா டவர்கிட்ட சொல்லல. செஸ்னாவும் குடுத்த 070 டிகிரி திசையை விட்டு 090க்குத் திரும்பியிருந்தது, இப்ப ரெண்டும் ஒரே பக்கம். மோதுறதுக்கு 19 நொடி முன்னாடி அப்ரோச் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எச்சரிக்கை அடிச்சது, பொய் எச்சரிக்கை அடிக்கடி வர்ற இடம்ங்கிறதால யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. நார்த் பார்க் வீடுங்க மேல விழுந்து 144 பேர், அதுல 7 பேர் தரையில இருந்தவங்க.

அதனால கண்ணால பார்க்காம சொல்லாதீங்க. ஐபேட்ல அம்புக்குறி தெரியுதுங்கிறது பார்த்தது ஆகாது, அது பழைய இடம், சில நொடி பின்தங்கியிருக்கும். பார்த்துட்டு தொலைச்சுட்டா "தொலைச்சுட்டேன்"னு உடனே சொல்லுங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல. எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம், தெரியலன்னா "லுக்கிங்"னு சொல்லி விடுறது. தெரியுதா தெரியலையா, ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் கன்ட்ரோலர் அடுத்து என்ன பண்றதுன்னு முடிவெடுக்க முடியும்.

செரிட்டோஸ் கதை இங்க இருக்கிற தமிழாளுங்களுக்கே பாதி பேருக்குத் தெரியாது. மாவு, கறிவேப்பிலை, பட்டுப்புடவைன்னு ஆர்ட்டீசியால பயனீர் புல்வார்டுக்கு எல்லாரும் போறோம், அந்த ஆர்ட்டீசியாவை ஒட்டி இருக்கிற ஊர்தான் செரிட்டோஸ். 1986 ஆகஸ்ட் 31, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நெருங்குற நேரம், ஏரோமெக்சிகோ 498, டிசி-9, எல்ஏஎக்ஸ்க்கு இறங்கிட்டு இருந்தது. டோரன்ஸ்லேர்ந்து பிக் பேருக்கு ஒரு குடும்பம் சின்ன பைப்பர் ஆர்ச்சர்ல கிளம்பினாங்க. அனுமதி வாங்காம, தெரியாமத்தான், எல்ஏ கட்டுப்பாட்டு வானத்துக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. சுமார் 6,500 அடில மோதல். விமானத்துல 64, பைப்பர்ல 3, கீழ வீடுங்கள்ல 15, மொத்தம் 82 பேர். வானம் தெளிவா இருந்தது, ரெண்டு பக்கமும் கடைசி நொடில விலகப் பார்த்ததுக்கு ஒரு அடையாளமும் கிடைக்கல. பைப்பரோட டிரான்ஸ்பாண்டர்ல மோட் சி இல்ல, அதாவது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும், எவ்வளவு உயரம்னு சொல்லாது. கன்ட்ரோலர் அதே நேரத்துல இதே மாதிரி அனுமதி இல்லாம உள்ள வந்த வேற ஒரு சின்ன பிளேனோட பேசிட்டு இருந்தார்.

இன்னைக்கு நம்ம காக்பிட்ல இருக்கிற பாதி சமாச்சாரம் அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வந்தது. பெரிய ஏர்போர்ட்லேர்ந்து 30 நாட்டிகல் மைலுக்குள்ள மோட் சி கட்டாயம்ங்கிற வட்டம், 30 சீட்டுக்கு மேல இருக்கிற ஏர்லைனர்ல 1993 முடியறதுக்குள்ள டிகாஸ்ங்கிற சட்டம் எல்லாம். ஆனா டிகாஸ்க்கு உங்க டிரான்ஸ்பாண்டர் பேசினாத்தான் நீங்க இருக்கிறதே தெரியும், உயரமும் சொன்னாத்தான் ஆர்ஏ போட முடியும். டாக்ஸி பண்ணும்போதே டிரான்ஸ்பாண்டர் ஏஎல்டி-ல (உயரத்தையும் அனுப்புற நிலை) இருக்கான்னு பாருங்க. அதைவிட முக்கியம் ஆல்டிமீட்டர், உயரம் காட்டுற மீட்டர். அன்னைக்குக் காத்தழுத்தத்தை அதுல இஞ்ச் கணக்குல வைக்கணும். ஒரு இஞ்ச் தப்பா வச்சா 1,000 அடி, அந்தக் கணக்குல 29.92 இருக்க வேண்டிய இடத்துல 29.62 வச்சிருந்தா உங்க மீட்டர் 4,500ன்னு காட்டும்போது நீங்க நிஜத்துல 4,800ல இருப்பீங்க. 500 அடி இடைவெளில 300 அங்கயே போச்சு. ஒவ்வொரு தடவை அப்ரோச் அழுத்தம் சொல்லும்போதும் அந்தக் குமிழைத் திருகுங்க.

கண்ணை நம்பலாமா? எஃப்ஏஏவே ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கு: ஒண்ணைப் பார்த்து, அது பிளேன்னு புரிஞ்சு, நம்ம மேல வருதுன்னு உணர்ந்து, எந்தப் பக்கம் திருப்பலாம்னு முடிவு பண்ணி, கை அசைஞ்சு, பிளேன் நிஜமா திரும்ப ஆரம்பிக்க மொத்தம் 12.5 நொடி. நீங்க 110 நாட், ஜெட் 250 நாட், நேருக்கு நேர்னா 10 நொடிக்கு ஒரு மைல். அப்ப ஒண்ணேகால் மைலுக்கு முன்னாடியே பார்த்திருக்கணும், அந்த தூரத்துல ஜெட் பைலட்டுக்கு உங்களோட 11 மீட்டர் ரெக்கை ஒரு கோடு கூட இல்ல. மத்தியானம் எல்ஏ புகைமூட்டம் வேற. கண்ணாடில ஒட்டின பூச்சிக் கறையும் தூரத்துப் பிளேனும் ஒரே மாதிரி தெரியும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியைத் துடைங்க, இதைச் செய்யாம கிளம்புற வாடகை பிளேன் ஆளுங்க எத்தனை பேர்! பார்க்கும்போது வானத்தை ஒரே வீச்சா தடவாதீங்க, பத்து டிகிரி பத்து டிகிரியா நிறுத்தி ஒவ்வொண்ணுலயும் ஒரு நொடியாவது தங்குங்க, கண்ணு நகர்ந்துட்டே இருக்கும்போது ஒண்ணும் பிடிபடாது. கூட வர்றவங்களையும் வேலை வாங்குங்க, அன்னைக்கு முதல்ல பார்த்தது தம்பிதான்.

ஏடிஎஸ்-பி வந்ததுக்கு அப்புறம் (பிளேன் தன்னோட இடத்தைத் தானே ஒலிபரப்புற கருவி, 2020 ஜனவரி 1லேர்ந்து இந்த மாதிரி வானத்துல கட்டாயம்) நிஜமாவே நிலைமை முன்னேறியிருக்கு, அதை மறுக்க மாட்டேன். யாரு எங்க வராங்கன்னு தோராயமா தெரிஞ்சா எங்க பார்க்கணும்னு தெரியுது. ஆனா ஐபேட்டை மடியில வச்சுட்டு அதையே பார்த்துட்டு ஓட்டுறவங்களோட நான் பக்கத்து சீட்ல உக்கார மாட்டேன்.

நிறைய பேருக்கு நம்பவே முடியாத ஒரு விஷயம்: எல்ஏ ஏரியால ஜெட்டுங்க தொந்தரவு கம்மியா இருக்கிற இடங்கள்ல ஒண்ணு எல்ஏஎக்ஸ் ரன்வேக்கு நேர் மேல. ஜெட்டெல்லாம் கிழக்கு மேற்கா ஓடுது. இறங்குறது ரன்வே பக்கத்துல வரும்போது தரையை ஒட்டிடும், ஏறுறது பெரும்பாலும் கடல் மேல போய்த்தான் உயரம் பிடிக்கும். அந்த நடு இடத்துல குறுக்கா, சான்டா மோனிகா விஓஆரோட (திசை காட்டுற ரேடியோ நிலையம்) 132 ரேடியல்ல, அதாவது அதுலேர்ந்து 132 டிகிரில போற கோட்டுல, ஒரு தனிப் பாதை வச்சிருக்காங்க, தென்கிழக்கே போனா 3,500, வடமேற்கே போனா 4,500, டிரான்ஸ்பாண்டர்ல 1201, வேகம் 140 நாட்டைத் தாண்டக் கூடாது, லைட் எரியணும், 128.55ல நாமளே எங்க இருக்கோம்னு சொல்லிட்டுப் போகணும். கிளியரன்ஸே தேவையில்ல. காலுக்குக் கீழ ஏ380 டாக்ஸி பண்றதைப் பார்த்துட்டே போகலாம். முதல் தடவை ஒரு இன்ஸ்ட்ரக்டரோட போங்க, எதிர்ல வர்ற சின்ன பிளேன் தான் அங்க கவலை.

இதெல்லாம் நடந்து ஏதாவது உறுத்தினா, அதிகாரப்பூர்வ கணக்குல வருதோ இல்லையோ, நாசா நடத்துற ஏஎஸ்ஆர்எஸ்ல (விமானப் பாதுகாப்பு ரிப்போர்ட் திட்டம்) எழுதிப் போடுங்க. 1976லேர்ந்து நடக்குது, பேரை எடுத்துட்டுத்தான் வச்சுப்பாங்க, வேணும்னு செய்யாத விதிமீறலா இருந்து 10 நாளைக்குள்ள போட்டிருந்தா எஃப்ஏஏ நடவடிக்கை எடுத்தாலும் லைசென்ஸ் சஸ்பென்ஷன் அபராதம் வராம பெரும்பாலும் காப்பாத்தும் (விபத்துக்கும் குற்றத்துக்கும் இது செல்லாது). நான் அந்த கொரோனா சமாச்சாரத்தைப் போட்டேன், யார் மேலயும் குறை சொல்லாம, எத்தனை அடி, எவ்வளவு வேகம், ரெக்கை எதை மறைச்சுதுன்னு மட்டும். ஃபார்ம் ஆன்லைன்லயே இருக்கு, பைலட் மட்டும் இல்ல, கன்ட்ரோலர், கேபின் க்ரூ, மெக்கானிக் யாரு வேணும்னாலும் போடலாம்.